ஒரே பெட்டியா, தனித்தனிப் பெடல்களா?

கிட்டார் வாசிக்கத் தொடங்கி ஓரிரு வருடம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: இருக்கும் பணத்துக்கு ஒரு மல்டி-எஃபெக்ட்ஸ் (பல ஒலி விளைவுகளும் ஒன்றாக அடங்கிய டிஜிட்டல் பெட்டி) வாங்குவதா, ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் அனலாக் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா? நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். உங்கள் கேபிளின் மறுமுனை எதில் போய்ச் செருகுகிறது?

நம் ஊர் மெல்லிசை மேடையிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ வாசிப்பவருக்குப் பெரும்பாலும் ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) கிடைக்காது. மேடை ஒலிகளையெல்லாம் கலக்கும் மிக்ஸரிலிருந்து ஒரு கேபிளை நீட்டுவார்கள், அவ்வளவுதான். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரும் ஒலியைப் பெரிதும் குறைத்துவிடும். அந்தக் குறைதான் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பைக் காதுக்குக் கேட்கத் தகுந்ததாக ஆக்குகிறது. மிக்ஸர் எதையும் குறைக்காது. மிதமான கரகரப்பைத் தரும் ஓவர்டிரைவ் பெடலை நேராக அதில் செருகினால் தேனீக் கூட்டம் கலைந்தது போல இருக்கும். மல்டி-எஃபெக்ட்ஸுக்குள் ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியும் டிஜிட்டல் மாதிரியாக (நகலாக) இருக்கின்றன. அப்புறம், ஒரு பாட்டுக்கு கோரஸ் (பல கிட்டார் சேர்ந்து ஒலிப்பது போன்ற விளைவு), அடுத்த பாட்டுக்கு டிஸ்டார்ஷனும் டிலேயும் (எதிரொலியும்) சேர்ந்து வேண்டும் என்றால் காலால் ஒரே மிதி. இந்த இடத்தில் தனிப் பெடல்களை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஜிடி-1 (2016) அளவுள்ள ஒரு பெட்டி போதும். நான்கு ஏஏ பேட்டரியிலேயே ஓடும்.

வீட்டில் சின்னதாக ஒரு ஆம்ப் இருக்கிறதா? அப்படியானால் முதலில் ஒரே ஒரு ஓவர்டிரைவ் பெடல் வாங்குங்கள் என்பேன். பாஸ் எஸ்டி-1 1981-இல் வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. உள்ளே நடப்பது எளிது. சிக்னல் ஓர் அளவைத் தாண்டும்போது டயோடுகள் அதன் உச்சியை வழித்துவிடுகின்றன. ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறுபக்கம் ஒன்று என்பதால் அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வெட்டுப்படாது. மெதுவாக வருடினால் ஒலி கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும். அழுத்தி மீட்டினால் கரகரக்கும். கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கினால் கரகரப்பு தணிந்துவிடும். இதையெல்லாம் விரல் தானாகப் பழகிக்கொள்ளும்.

டிஜிட்டல் பெட்டியிலும் இதுபோன்ற பெடலின் மாதிரி உண்டு. பதிவு செய்து கேட்டால் எனக்கே இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் குமிழ் மூன்றுதான் என்றால் அந்த மூன்றையும் திருப்பித் திருப்பிக் காது கற்றுக்கொள்கிறது. நூற்றுக்கு மேல் எஃபெக்ட் இருக்கும்போது மாலை முழுவதும் பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) தேடுவதிலேயே போய்விடுகிறது. கற்றுக்கொள்ளும் வயதில் அந்த நேரம் வாசிப்புக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

இன்னொன்றையும் அனுபவத்தில் சொல்கிறேன். ஹெட்ஃபோனில் இரவு முழுக்கச் செதுக்கிய ஒரு பேட்சை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். முதல் பாட்டிலேயே அடித்தொனி குமுறி, பாடகரின் குரலை மூடிவிட்டது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் குறைவாகக் கேட்கும். அதனால் வீட்டில் நம்மை அறியாமல் இரண்டையும் ஏற்றி வைத்துவிடுகிறோம். பெடலிலும் இந்தத் தவறு வரும்தான். ஆனால் குனிந்து டோன் குமிழைத் திருகினால் சரியாகிவிடும். பெட்டியில் மெனுவுக்குள் போய், ஒவ்வொரு பேட்சாகத் திருத்த வேண்டும். பேட்ச் செதுக்குவதென்றால் மேடைச் சத்தத்திலேயே செதுக்குங்கள்.

டிலே என்று வந்தால் என் கட்சி மாறிவிடும். அனலாக் டிலேயில் ஒரு சிப் மின்னூட்டத்தை, தீயணைக்க வரிசையாக நின்று வாளி கைமாற்றுவது போல, படிப்படியாகக் கடத்துகிறது. ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சிந்தும். எதிரொலி மங்கி இதமாக வருவதற்கு அந்தச் சிந்தலும் ஒரு காரணம். ஆனால் 1981-இல் வந்த பாஸ் டிஎம்-2 என்ற அனலாக் டிலே பெடலுக்கு எட்டிய தாமதம் சுமார் 300 மில்லிசெகண்ட். 1983-இல் வந்த டிடி-2 டிஜிட்டல். 800 வரை போனது. அதுவும் தனிப் பெடல்தான், ஆகவே தனிப் பெடல் என்றாலே அனலாக் என்று எண்ண வேண்டாம். பாட்டின் தாளத்துக்கு ஒட்டி எதிரொலி விழ வேண்டும் என்றால் டிஜிட்டலே வசதி. பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போன்ற முழக்கத்தைத் தரும் ரிவெர்புக்கும் அப்படியே.

ஆக, நான் இப்போது வைத்திருப்பது இரண்டும்தான். கிட்டாரிலிருந்து முதலில் எஸ்டி-1, அதன் பின்னால் பெட்டி. பெட்டியில் டிலே, ரிவெர்ப், மிக்ஸருக்குப் போகும் நாளில் ஆம்ப் மாதிரி, இவை மட்டும். ஒரே அடாப்டரில் வயரைக் கிளை பிரித்து இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் பெட்டியின் இரைச்சல் அந்த வயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் புகுந்து, கீச்சென்று பெருகிக் கேட்கும். ஆளுக்கொரு 9 வோல்ட் அடாப்டர், இரண்டிலும் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ்.