தீனபந்து குவிமாடமா, மிதக்கும் டிரம்மா? ஐந்து மாடுகள் உள்ள வீட்டுக்கான அலசல்

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் ஒரு சாண எரிவாயுக் கலன் அமைத்தோம். அப்போது எங்கள் முன் இருந்தவை இரண்டு வகைகள். ஒன்று, 1984-இல் அறிமுகமான, மண்ணுக்குள் செங்கல்லால் கட்டப்படும் தீனபந்து குவிமாடம். மற்றொன்று, கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களிலிருந்து பரப்பிய, சாணக் கரைசலின் மேல் டிரம் மிதக்கும் வகை. நாங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. ஆனால் இரும்பு டிரம் அல்ல, ஃபைபர் டிரம்.

கிடைக்கும் வாயுவின் அளவை வைத்து இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. எதுவாயினும் நாளுக்கு 50 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். 2 கன மீட்டர் வாயு சுமார் 0.85 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. மாதக் கணக்கில் அது 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. குவிமாடத்துக்குச் செலவு குறைவு, நிலத்துக்கு மேல் இடமும் அடைபடாது என்பதை எல்லோரும் அறிவர்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். அதிலும், பழுது ஏற்பட்டால் அது கண்ணுக்குத் தெரியுமா என்பதே. 1980-களில் அப்பா அமைத்த இரும்பு டிரம் ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தும், கரைசலும் காற்றும் மாறி மாறிப் படும் விளிம்பில் துருப்பிடித்து ஓட்டையானது. அதனால் டிரம் வகை மீதே எங்கள் வீட்டில் கசப்பு இருந்தது. ஆனாலும், ஓட்டை எங்கே என்பதை அன்று சோப்பு நுரை தடவி ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தோம் என்பதையும் நான் மறக்கவில்லை. குவிமாடத்தில் வாயு நிற்பது செங்கல் கட்டுமானத்துக்கு உள்ளே பூசும் பல அடுக்குச் சிமென்ட் பூச்சின் பலத்தில்தான். பழகிய கொத்தனார் கட்டினால் அது பல ஆண்டுகள் உழைக்கும். பூச்சில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலோ, வாயு குறைவதற்குக் காரணம் சாணமா, குழாயா, விரிசலா என்று பிரித்தறியவே பல வாரங்கள் ஆகும். உறவினர் ஒருவர் வீட்டில் கடைசியில் கலனைக் காலி செய்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

காலி செய்வதும் எளிய வேலையன்று. மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தங்கி, பிராணவாயு குறைந்திருக்கும் மூடிய குழிக்குள் இறங்குவது உயிருக்கே ஆபத்து. நன்கு காற்றோட்டம் கொடுக்காமலும், மேலே ஆள் நிறுத்திக் கயிறு கட்டாமலும் யாரும் அதில் தலையைக்கூட நீட்டக் கூடாது. டிரம் வகையில் டிரம்மைத் தூக்கி வைத்துவிட்டால் குழி வானம் பார்க்கத் திறந்திருக்கும். எச்சரிக்கை அங்கும் வேண்டும் என்றாலும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. கரைசலின் மேல் வைக்கோல் தும்பு சேர்ந்து ஆடையாகப் படிவதும் இரண்டிலும் உண்டு. அதைக் கலைக்க எங்களுக்குத் தினமும் காலையில் டிரம்மை இருபுறமும் சற்றே திருப்பிவிடுவது போதுமானதாக இருக்கிறது.

டிரம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்த்தே இன்று எத்தனை அடுப்பு எரிக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். அதன் எடை மாறாததால் அழுத்தமும் மாறுவதில்லை, சுடரும் சீராக எரிகிறது. குவிமாடத்தில் வாயு தீரத் தீர அழுத்தம் இறங்கும். ஃபைபர் டிரம் இரும்பைவிட இலேசானது என்பதால் தொடக்கத்தில் சுடர் சோர்ந்திருந்தது. மேலே எடைக்கற்களைச் சமமாக அடுக்கிய பின் சரியாயிற்று.

குறைகளும் உண்டு. டிரம்முக்கும் சுவருக்கும் இடையே உள்ள வளைய இடைவெளி திறந்தே இருப்பதால் ஈ மொய்க்கிறது, கொஞ்சம் வாயுவும் வீணாகிறது. ஃபைபர் பத்துப் பதினைந்து ஆண்டு வெயிலைத் தாங்குமா என்பதற்கு என் நான்கு ஆண்டு அனுபவம் சான்றாகாது. இதுவரை ஒரு கீறல் மட்டுமே விழுந்தது, அதையும் பிசின் வைத்து ஒட்டிவிட்டோம். சாணத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற வெப்பம் சுமார் 35 டிகிரி என்பதால், நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில் மண்ணின் சூட்டைக் காக்கும் குவிமாடமே ஏற்றது. அங்கே இருந்திருந்தால் நானும் அதையே கட்டியிருப்பேன். பிளாஸ்டிக் பை வகையை இரண்டு இடங்களில் பார்த்ததோடு சரி. எலி கடித்து ஓட்டையாகும் என்ற பயத்தில் அதன் பக்கம் போகவில்லை.

எந்த வகையானாலும் கொட்டகையைப் பினாயில் ஊற்றிக் கழுவும் நாளில் அந்தத் தண்ணீரைக் கலவைத் தொட்டிக்கு விடாதீர்கள். ஒருமுறை கவனக்குறைவாக விட்டதன் விளைவாக, மூன்று வாரங்கள் நாங்கள் சிலிண்டரிலேயே சமைத்தோம்.