ரொட்டவேட்டரில் சேறு அப்பாமல் இருக்க: மூன்று வருஷ அனுபவம்

மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் வயல், நல்ல களிமண். குறுவை அறுத்துவிட்டு, அடுத்த நெல் போகமான தாளடிக்குச் சேறடிக்கும்போது, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிச் சுழல் கத்திகளால் மண்ணைக் கலக்கும் ரொட்டவேட்டர் படாத பாடு படுத்தும். பின் தகட்டின் உள்பக்கம் சேறு அடை அடையாக அப்பிக்கொள்ளும். வண்டி திணறும், டீசல் கூடும்.

ஒரு ஐப்பசியில் நான் கடப்பாரையால் சேறு பெயர்ப்பதைப் பார்த்து, டொரொண்டோவிலிருந்து வந்திருந்த அக்கா மகன், "மாமா, எங்க ஊர்ல பனி அள்ளுற மெஷினும் இப்படித்தான் அடைக்கும்" என்றான். பொடிப்பனி பறந்துவிடுமாம். உருகும் பதத்தில் இருக்கும் ஈரப்பனிதான் குழாயில் ஒட்டுமாம். அதற்கு உள்ளே சிலிகான் ஸ்பிரே அடிப்பார்கள். பனி தள்ளும் வண்டிகளில் இரும்புத் தகட்டுக்குப் பதில் பாலிஎத்திலீன் பலகையும் உண்டு.

ஸ்பிரே வாங்கி அடித்துப் பார்த்தேன். அரை ஏக்கர்கூடத் தாங்கவில்லை, சேறு தேய்த்து எடுத்துவிட்டது. கழிவு ஆயில் பூசச் சொன்னார்கள்; நெல் போடும் மண்ணில் அதைக் கலக்க மனசு வரவில்லை.

அப்புறம்தான் உடைந்த தண்ணீர் டேங்க் நினைவுக்கு வந்தது. அதுவும் பாலிஎத்திலீன்தானே. டேங்கின் வளைவு தகட்டின் வளைவோடு ஏறக்குறைய பொருந்தியது. வெட்டி, துளை போட்டு, போல்ட்டின் தலை வெளியே துருத்தாதபடி பதித்து முடுக்கினேன். துருத்தினால் சேறு அங்கேயே பிடித்துக்கொள்ளும். இப்போது சேறு ஒட்டினாலும் கனம் ஏறியதும் தானாகவே பாளமாக வழுக்கி விழுகிறது. முதல் வருஷம் ஓரம் தூக்கி, இடுக்கில் சேறு புகுந்தது. ஓரத்தில் இரும்புப் பட்டை வைத்து இறுக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் பக்கம் வயலில் கல் கிடையாது. கல் உள்ள ஊரில் பிளாஸ்டிக் தாங்குமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

ரொட்டவேட்டரின் கத்தித் தண்டில் வைக்கோல் சுற்றுவதற்கு இது மருந்தல்ல. வைக்கோலைக் கட்டி எடுத்துவிட்டு, மிச்சத் தாளைத் தண்ணீரில் ஊறவிட்டு ஓட்டினால் பாதி குறையும். மீதியை மதியமும் சாயங்காலமும் அரிவாளால் அறுத்து எடுக்கிறேன். உரச்சாக்கு நூல் சிக்கியிருந்தால் விடவே கூடாது. அது ஆயில் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்து, ஆயில் கசிந்து, பேரிங் வரைக்கும் போய்விடும்.

கை வைக்கும் முன், டிராக்டரிலிருந்து ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ.வை விடுவித்து, இஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய ரொட்டவேட்டருக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். அக்கா மகன் சொன்ன பனி அள்ளும் மெஷினில், இஞ்சினை நிறுத்தின பிறகும் பெல்ட் இறுக்கத்தில் விசிறி சட்டென்று அசைந்து விரலை எடுத்துவிடுமாம். அதனால் குச்சியால்தான் குத்துவார்கள். நானும் மூங்கில் குச்சி ஒன்றை வண்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.

டேங்கில் இன்னும் இரண்டு துண்டு மிச்சமிருக்கிறது. அடுத்த குறுவைக்குள் பக்கத் தகடுகளிலும் பொருத்திவிடுவேன்.