சுனாமி எச்சரிக்கை: மேற்கே நடப்பதா, மாடி ஏறுவதா?

பட்டினப்பாக்கம், காசிமேடு, திருவான்மியூர்க் கரையோரம் வசிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு.

அவகாசம்
மேற்கே: 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தபின் அலை சென்னைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தால் நடந்தே 2 கி.மீ. தாண்டிவிடலாம்.
மாடி: கடல் உள்வாங்குவது கண்ணில் பட்டுவிட்டால் சில நிமிடங்கள்தான். யோசிக்காமல் ஏறுங்கள்.

வழி
மேற்கே: பல இடங்களில் பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் குறுக்கிடும். ஆளாளுக்குக் கார் எடுத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அடையாறு, கூவம் கரையோரமாகப் போகவே கூடாது. முகத்துவாரம் வழியே அலை ஆற்றுக்குள் ஏறும்.
மாடி: படிக்கட்டு போதும். லிஃப்ட் வேண்டாம்.

உறுதி
மாடி என்றால் கான்கிரீட் தூண் கட்டடத்தில் மூன்றாம் தளம் அல்லது அதற்கு மேல். செங்கல் சுவரை மட்டும் நம்பி நிற்கும் வீட்டின் மொட்டை மாடி ஆபத்து: தண்ணீரின் வேகமே சுவரைச் சரித்துவிடும்; அது இழுத்துவரும் படகும் காரும் மோதினால் இன்னும் மோசம்.

நேரமும் கால்பலமும் இருப்பவர்களுக்கு மேற்குதான் என் தேர்வு. நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மாடி. கேஸை மூடி, மெயினை அணைத்து, தண்ணீர், டார்ச், மருந்தோடு ஏறுங்கள். இரண்டாவது, மூன்றாவது அலை இன்னும் பெரிதாக வரலாம். அதிகாரிகள் சொல்லும்வரை இறங்காதீர்கள்.