பார்சலுக்கு வாழை இலையா, பாக்கு மட்டையா, கரும்புச் சக்கையா?

இட்லியையும் பரோட்டாவையும் எதில் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். சிக்கலெல்லாம் சாம்பாரிலும் சால்னாவிலும்தான். அதனால் பிளாஸ்டிக்கை விட்டு மட்கும் பொருளுக்கு மாற நினைக்கும் டிபன் கடைக்காரருக்கு என் முதல் கேள்வி: சூடான சால்னா அரை மணி நேரம் வண்டியில் குலுங்கினால் அது தாங்குமா?

வாழை இலை இதில் தேறாது. மற்ற எல்லாவற்றிலும் முதலிடம் அதற்குத்தான். தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடியும், சூடு தாங்கும், பொங்கலுக்கு மணமும் சேரும். மட்குமா என்று சான்றிதழ் கேட்கவே வேண்டாம். முகூர்த்த நாளில் விலை எகிறும், புயல் அடித்தால் வரத்தே நின்றுபோகும், அவ்வளவுதான் குறை. ஆனால் இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த பளபளத் தாளை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அதன் மேல் இருப்பது பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையான 14 பொருள்களில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப்பும் உண்டு. கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கும் காகிதக் கப் மீதான தடை நிலைத்தது.

பாக்கு மட்டைத் தட்டு உறுதியானது, பார்க்கவும் அழகு. பந்திக்குச் சரி, பார்சலுக்கு மூடி சரியாக அமைவதில்லை, அடுக்கி வைக்கவும் இடத்தை அடைக்கும். இன்னொன்று, மட்டையில் இயல்பாகவே உள்ள ஆல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள் உணவில் இறங்கலாம் என்று சொல்லி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-இல் இந்தத் தட்டுகளை உணவுக்கு ஏற்கவில்லை. நம் ஊரில் தாராளமாகப் புழங்குகிறது. ஏற்றுமதியை நம்பியவர்களுக்குத்தான் பெரிய அடி.

பார்சலுக்கென்றே பிறந்தது கரும்புச் சக்கைப் பெட்டி. சக்கைக் கூழை அச்சில் சூடாக அழுத்திச் செய்கிறார்கள். மூடியோடு வரும், அறை பிரித்தும் கிடைக்கும், சூட்டுக்கு அசையாது. பிளாஸ்டிக் டப்பாவைவிட விலை கூடுதல். கெட்டிக் குழம்பு நிற்கும். நீர்த்த சாம்பார் மூடியின் விளிம்பில் கசியும், நேரமானால் அடியும் ஊறும். எண்ணெய் இறங்காமலிருக்கச் சில தயாரிப்புகளில் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்களைச் சேர்த்ததுண்டு. அவை எளிதில் அழியாதவை. அவை சேர்க்கவில்லை என்று எழுத்தில் தரும் வியாபாரியிடம் வாங்குங்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறதா என்று ஓரத்தை நகத்தால் உரித்தும் பாருங்கள்.

சோள மாவுச் சர்க்கரையிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற மட்கும் பிளாஸ்டிக்கில் செய்த டப்பா கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். ஆனால் சாதாரண ரகம் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். மட்குவதற்கும் ஏறக்குறைய அதே சூடு தொடர்ந்து இருக்கும் உர ஆலை வேண்டும். தெருமுனைக் குப்பையில் பல வருடம் கிடக்கும். பழச்சாறு கடைக்கு ஒருவேளை சரி, டிபன் கடைக்கு வேண்டவே வேண்டாம்.

நான் கடை வைத்தால் சக்கைப் பெட்டிக்குள் வாட்டிய இலை விரித்துக் கொடுப்பேன். அப்புறம் சால்னாவுக்கு? மூடியுள்ள சக்கைக் கப் ஓரளவு சமாளிக்கும், தூக்குவாளிக்கு ஈடாகாது. பாத்திரம் கொண்டு வருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள். கப் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை.