டவர் அதே, நிறுவனம் வேறு: 24 மாத ஒப்பந்தம் முடிந்தபின் ஒரு மதிப்பீடு

ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கையில் என் கைப்பேசிச் சேவை நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் முடிவடையப் போகிறது என்றும், சேவை தடையின்றித் தொடரும் என்றும், நான் எதுவும் செய்யத் தேவையில்லை என்றும் அதில் இருந்தது. முதல் இரண்டு செய்திகளும் உண்மை. மூன்றாவதை நம்பியிருந்தால், ஏற்கெனவே விலை முழுவதையும் கட்டி முடித்துவிட்ட கைப்பேசிக்கு மாதாமாதம் மீண்டும் பணம் கட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஏனெனில் நான் எடுத்திருந்தது கைப்பேசியின் தவணையும் சேவைக் கட்டணமும் ஒரே தொகையாகச் சேர்ந்த பிளான். 24 மாதங்களில் கைப்பேசியின் விலை தீர்ந்துவிடும்; பில்லில் உள்ள தொகை மட்டும் தானாகக் குறையாது.

இத்தகைய ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் இல்லை என்பதால், மாறுவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிடுவது நல்லது. தவணையும் சேவையும் தனித்தனி ஒப்பந்தமாக இருந்தால், தவணை முடிந்ததும் பில் தானாக இறங்கும், அவசரம் ஏதுமில்லை. கைப்பேசி இலவசம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அதன் விலையை 36 மாதங்களுக்கு மாதந்தோறும் பில்லில் கழித்துத் தரும் வகையும் உண்டு. அதில் 30ஆம் மாதத்தில் விலகினால் மீதி 6 மாதக் கழிவு போய்விடும். அந்தத் தொகையை நாமே கட்ட வேண்டியிருக்கும். என்னுடையதில் அந்தச் சிக்கல் இல்லை. கட்டண உயர்வு குறித்த ஒரு வரி மட்டும் எட்டாம் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்தது: ஆண்டுதோறும் பணவீக்கத்தோடு கூடுதலாகச் சில விழுக்காடு சேர்த்துக் கட்டணம் உயரும். பிரிட்டனில் இவ்வாறு பணவீக்கத்தோடு முடிச்சுப் போடுவதை 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் தடை செய்துவிட்டார்கள். உயர்வு எவ்வளவு என்பதைத் தொகையாகவே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எங்கும் அப்படியே இருந்திருக்கலாம்.

பணக் கணக்கு ஒரு மாலையில் முடிந்துவிட்டது. அதிக நாள் பிடித்தது சிக்னல் கணக்கு. நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்களில் நான் இருக்கும் பகுதி மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே அடர்வண்ணத்தில்தான் இருந்தது. அந்த வரைபடங்கள் பெரும்பாலும் டவரின் இடம், உயரம், அலைவரிசை, நில அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு கணினி போட்ட கணக்கே தவிர, யாரும் ஒவ்வோர் அறைக்குள்ளும் நின்று அளந்தவை அல்ல. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவுக்கும் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும்; 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதிக டேட்டாவைச் சுமக்கும், ஆனால் கனமான சுவருக்கும் உலோகப் பூச்சிட்ட சன்னல் கண்ணாடிக்கும் எளிதில் தோற்றுவிடும். ஆகவே தெருவில் 5ஜி என்று காட்டும் கைப்பேசி, கட்டிலருகே வந்ததும் ஒற்றைக் கோட்டோடு நிற்பதில் வியப்பில்லை.

அந்தக் கோடுகளையும் நான் நம்பவில்லை. எத்தனை டெசிபெல்லுக்கு (சிக்னல் வலிமையை அளக்கும் அலகு) எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் செட்டிங்ஸில் சிம் நிலை என்ற பகுதியில் சிக்னல் எண்ணாகவே தெரியும். ஐஃபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை திறக்கும். எண்கள் மைனஸில் இருக்கும். பூச்சியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலிமை. 4ஜியில் மைனஸ் 90க்கு மேல் இருந்தால் கவலையில்லை, மைனஸ் 110ஐத் தாண்டிக் கீழே போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பேட்டில் வீட்டின் ஐந்து இடங்களை எழுதிக்கொண்டு, காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் குறித்தேன். கூடத்துச் சன்னலருகே மைனஸ் 84. அதே நிறுவனம், அதே நேரம், படுக்கையறை மூலையில் மைனஸ் 108. வித்தியாசம் 24 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 250 மடங்கு வலிமைக் குறைவு. இரவில் அப்பா அழைக்கும்போதெல்லாம் நான் எழுந்து கூடத்துக்கு ஏன் போய்க்கொண்டிருந்தேன் என்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணாகத் தெரிந்தது.

மற்ற இரண்டு நிறுவனங்களை எப்படி அளப்பது? முன்பெல்லாம் இதற்கு நண்பர்களிடம் சிம் கடன் கேட்க வேண்டியிருக்கும். இப்போது இ-சிம் (கைப்பேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம்) வசதியுள்ள கைப்பேசியில், இருக்கும் சிம்மை எடுக்காமலேயே இன்னொரு நிறுவனத்தின் இணைப்பை இறக்கிக்கொள்ள முடிகிறது. ஒரு மாத முன்பணப் பிளான்களில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நிறுவனங்களையும் இரண்டிரண்டு வாரம் சோதித்தேன். இதற்கான செலவு, தவறான நிறுவனத்திடம் மீண்டும் 24 மாதம் மாட்டிக்கொள்ளும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. விளம்பரத்தில் மிக மலிவாக இருந்த நிறுவனம் படுக்கையறையில் மைனஸ் 119 காட்டியது. மூன்று அழைப்புகளில் இரண்டு அறுந்தன. இன்னொன்று வீட்டில் ஏறக்குறைய என் பழைய நிறுவனத்துக்கு இணை, ஆனால் நான் நாள்தோறும் போகும் ரயில் தடத்தில் நான்கு நிமிடம் சிக்னல் அறவே இல்லை. ஆக, நான் குறைசொல்லிக்கொண்டிருந்த பழைய நிறுவனத்தின் டவர்தான் என் வாழ்க்கைக்கு இருப்பதிலேயே பொருத்தமானது என்று தெரிந்தது. இந்த முடிவு எனக்கே சற்று ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் டவர் ஒன்று, பில் அனுப்பும் நிறுவனம் ஒன்று. சொந்தமாக டவர் வைத்திருக்காமல், பெரிய நிறுவனங்களின் வலையமைப்பை மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறையாக விற்கும் சிறு நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. என் பழைய நிறுவனத்தின் டவர்களிலேயே ஓடும் அத்தகைய ஒன்று, கைப்பேசி இல்லாமல் சிம் மட்டும் தரும் மாதாந்தரப் பிளானில், நான் கட்டிவந்ததில் பாதிக்கும் குறைவாகக் கேட்டது. ஒப்பந்தக் காலம் 30 நாள். பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே விலகிவிடலாம்.

இதில் ஒளிந்திருக்கும் செய்தி ஒன்று உண்டு, விற்பவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை. டவரில் கூட்டம் சேரும்போது யாருடைய டேட்டாவுக்கு முதலிடம் என்று வலையமைப்பு வரிசைப்படுத்த முடியும். சிறு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்பார்கள். டவரில் ஆள் குறைவாக இருக்கும்போது வித்தியாசமே தெரியாது. மாலையில் ரயில் நிலைய மேடை நிரம்பி வழியும் வேளையில் பழைய சிம்மையும் புதிய சிம்மையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்: பழையதில் செய்தித்தளம் படங்களோடு உடனே திறந்தது, புதியதில் தலைப்புகள் வந்து, படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெட்டிகள் ரயில் வரும்வரை அப்படியே இருந்தன. சிக்னல் எண் இரண்டிலும் ஒன்றுதான். பேச்சில் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாளில் பத்து நிமிடம் சாம்பல் பெட்டிகளைப் பார்ப்பதற்காக எனக்குப் பாதிக் கட்டணம் மிச்சமாகிறது. எனக்கு அது ஏற்புடைய பேரம். அந்தப் பத்து நிமிடத்தில் காணொளிக் கூட்டத்தில் பேச வேண்டியவருக்கு ஏற்புடையதாக இராது.

மாறுமுன் சரிபார்க்க வேண்டிய இன்னொன்று கைப்பேசி. விற்ற நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டப்பட்ட கைப்பேசியானால் வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காது. பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய கைப்பேசிகளை நிறுவனங்கள் விற்கவே கூடாது. கனடாவில் 2017 டிசம்பர் முதல் கட்டணமின்றித் திறந்து தர வேண்டும். பிற இடங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டு இல்லாததால் மட்டும் எல்லாம் ஓடிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2ஜியும் 3ஜியும் அணைக்கப்பட்டுவிட்ட இடங்களில் பேச்சு 4ஜி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு அந்தக் கைப்பேசி மாதிரியைப் புதிய நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி முடிவுக்கு வந்தபோது, அவசர எண்ணை 4ஜி வழியாக அழைக்க இயலாத கைப்பேசிகளுக்குச் சேவையே நிறுத்தப்பட்டது. *#06# என்று டயல் செய்தால் வரும் 15 இலக்க எண்ணைக் கொடுத்தால் பல நிறுவனங்கள் பொருத்தம் பார்த்துச் சொல்கின்றன. நானும் கேட்டேன். பேச்சு வரும், ஆனால் வைஃபை வழி அழைப்பு உங்கள் மாதிரிக்கு இல்லை என்றார்கள். படுக்கையறை மூலைக்கு மருந்தாக நான் நினைத்திருந்தது அதைத்தான். பழைய நிறுவனத்தில் அது இரண்டு ஆண்டுகளாக இருந்தும் நான் செட்டிங்ஸில் போய் அதை இயக்கியதே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிவெடுக்குமுன் பழைய நிறுவனத்தின் கஸ்டமர் கேரை அழைத்தேன். வழக்கமான பிரிவில் எடுத்தவர் சலுகை எதுவும் இல்லை என்றார். விலகப் போகிறேன் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும், "சற்று இணைப்பில் இருங்கள் சார்" என்று வேறொருவரிடம் மாற்றினார். அவர் முதலில் புதிய கைப்பேசியும் புதிய 24 மாதமும் தருவதாகச் சொன்னார். பழையதே நன்றாக ஓடுகிறது, சிம் மட்டும் போதும் என்றேன். கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சிறு நிறுவனத்தின் தொகையைச் சொன்னேன். "அந்த விலைக்கு எங்களால் இறங்க முடியாது சார், ஆனால் டேட்டாவை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்றார். மாதம் எனக்கு 6 ஜிபிக்கு மேல் செலவாவதில்லை, இருப்பதே 40. அவருடைய பண்பான பேச்சுக்கு முழு மதிப்பெண் தரலாம், அந்தச் சலுகைக்கு இல்லை.

எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறுவது ஒரு காலத்தில் நடவாத காரியம். 1997இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்த வசதி அமெரிக்காவுக்கு 2003 நவம்பரிலும், இந்தியா முழுமைக்கும் 2011 ஜனவரி 20 அன்றும் வந்தது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் 65075க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 30 நாள் செல்லத்தக்க குறியீடு வரும். இந்தியாவில் 1900க்கு அனுப்ப வேண்டும், ஒருமுறை மாறினால் மீண்டும் மாற 90 நாள் காத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வேலை நாளுக்குள் எண் மாறிவிட வேண்டும். எங்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றுதான்: பழைய இணைப்பை நாமே முதலில் ரத்துசெய்துவிடக் கூடாது. ரத்தான எண்ணை மாற்ற முடியாமல் போகலாம். புதிய நிறுவனத்திடம் குறியீட்டைக் கொடுத்தால், எண் நகர்ந்ததும் பழையது தானாக முடிந்துவிடும்.

என் எண் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நகர்ந்தது. காலை ஒன்பதரைக்குப் பழைய சிம் செயலிழந்தது. புதியதிலிருந்து வெளியே பேச முடிந்தது. உள்ளே வரும் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் மாலை நாலு மணிவரை எங்கே போயின என்று தெரியவில்லை. அன்று பார்த்து வங்கியில் ஒரு தவணை கட்டும் நாள். ஓடிபி வரவில்லை, நான்கு முறை கேட்டதில் கணக்கு ஒரு நாள் முடங்கிவிட்டது. எண் மாறும் நாளில் பணவேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று புதிய நிறுவனம் ஒரு வரி சொல்லியிருந்தால் இது நேர்ந்திருக்காது. பழைய நிறுவனத்தின் குரலஞ்சலில் இருந்தவையும் சிம்மோடு போய்விட்டன. அப்பா பேசிப் பதிவாகியிருந்த இரண்டு செய்திகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன், மற்றவற்றை மறந்துவிட்டேன்.

ஆறு வாரம் ஆகிறது. பழைய நிறுவனத்துக்கு ஐந்தில் மூன்று தருவேன்: டவர்கள் நன்று, ஒப்பந்தம் முடிந்தபின் தொகையைக் குறைக்காமல் அமைதி காத்தது நன்றன்று. புதியதுக்கு மூன்றரை. பில் ஒரே பக்கம், ஒரே வரி; குறைசொல்ல அழைத்தால் மனிதர் எடுப்பதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது; இரவு அழைப்புக்கு இன்றும் கூடத்துக்குத்தான் போகிறேன்.

என் மனைவியின் ஒப்பந்தம் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. அவர் காலை நடைக்குக் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தின் இ-சிம்மோடு மட்டும் போகிறவர். கடிகார இணைப்பு தருகிறீர்களா என்று சிறு நிறுவனத்திடம் கேட்டதற்கு, இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அவருடைய எண் பழைய நிறுவனத்திலேயே இருக்கும், பில்லில் தவணை கழிகிறதா என்று மட்டும் பார்ப்போம்.