இரண்டு இடக்கைகள் கொண்ட ரோபோ: புதுச்சேரியில் பொம்மை வாங்குவோர் கவனத்துக்கு

என் மகனுக்கு ஒன்பது வயது. பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த நூறு ரூபாயில் தொடங்கி, உண்டியலில் 1,800 ரூபாய் சேர்த்திருந்தான். ஐந்து வண்டிகள் ஐந்து ரோபோக்களாக மாறி, பிறகு அந்த ஐந்தும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே ராட்சத ரோபோவாக எழுந்து நிற்கும் பொம்மைத் தொகுப்பு வேண்டும் என்பது அவனுடைய ஆசை. கடலூரில் அவன் கேட்ட மாதிரி கிடைக்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் புதுச்சேரி போனோம்.

காந்தி வீதிச் சந்தையின் கூட்டத்தைத் தாண்டி ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தோம். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அட்டைப்பெட்டியில் ராட்சத ரோபோ கையை உயர்த்தி நிற்கும் படம். விலை 2,250 ரூபாய். "ஒருமுறை பிரித்துக் காட்டுங்கள் தம்பி, சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம்" என்று கேட்டேன். "பிரித்தால் வேறு யாரும் வாங்க மாட்டார்கள் அக்கா. படத்தில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறது" என்றார். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். பையன் அதற்குள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டுவிட்டான். அவன் தன் கையால் 1,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தான். மீதி 450 ரூபாயை நான் யுபிஐ மூலம் செலுத்தினேன். ரசீது கேட்டதற்கு, 'பொம்மை 1 – 2250' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார். அதில் கடையின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

வீட்டுக்கு வந்து பிரித்தோம். வண்டிகளாக இருக்கும்போது ஐந்தும் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தன. சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பெரிய லாரி உடம்பாக மாறும். மற்ற நான்கும் கைகளாகவும் கால்களாகவும் அதில் பொருந்த வேண்டும். வலது காலாக வேண்டிய வண்டியின் முளை, இடுப்பில் இருந்த குழியைவிடப் பருமனாக இருந்தது. என் கணவர் பொறுமையாக, சிறிது சிறிதாகத்தான் அழுத்தினார். முளையின் அடியில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பிளாஸ்டிக் உடையப் போகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

பையன் எதுவும் பேசாமல் ரோபோவின் இரண்டு முஷ்டிகளையும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் அவற்றின் பக்கத்தில் வைத்தான். "அம்மா, கட்டைவிரல் இரண்டிலும் ஒரே பக்கம் இருக்கிறது. இரண்டுமே இடது கை" என்றான். ஒரு குழந்தை அரை நிமிடத்தில் கண்டுபிடித்ததைப் பெட்டியில் அடைத்தவர் கவனிக்கவில்லை.

வலது காலை அரைகுறையாகச் செருகி நிறுத்தினோம். இடுப்பு மூட்டு தளர்ந்து, கால்கள் அகன்று, பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மறுபடி நிறுத்தினோம், மறுபடி விழுந்தது.

இந்த வகைப் பொம்மை புதிதல்ல. ஜப்பானின் தகாரா நிறுவனத்தின் வார்ப்புகளைக் கொண்டு அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆறு கட்டுமான வண்டிகள் சேர்ந்து டெவஸ்டேட்டர் ஆகும் தொகுப்பு வந்துவிட்டது. இதில் பொம்மையின் உயிரே மூட்டுகளில்தான் இருக்கிறது. தனி ரோபோவின் இடுப்பு தன் எடையைத் தாங்கினால் போதும். சேர்ந்த ரோபோவின் இடுப்போ உடம்பு, தலை, கைகளாக நிற்கும் இரண்டு வண்டிகள் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதனால் நல்ல தொகுப்புகளில் இடுப்புக்குள் பல்சக்கரம் வைப்பார்கள். காலைத் திருப்பினால் 'டக், டக்' என்று படிப்படியாக நிற்கும். எங்களுடையதில் சத்தமே இல்லை, வழவழவென்று சுற்றியது. வாங்குகிறவர்கள் கடையிலேயே முழு ரோபோவையும் சேர்த்து, பத்து நிமிடம் நிற்கவைத்துப் பாருங்கள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி விடுங்கள். தானாகத் தொங்கினால் தோள்மூட்டு சரியில்லை. பிரிக்கவே மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

ஐஎஸ்ஐ முத்திரையையும் உற்றுப் பார்க்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். எங்கள் பெட்டியிலும் முத்திரை இருந்தது, அதைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன். உண்மையான முத்திரைக்கு மேலே ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். எங்கள் பெட்டியில் மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை; வெறும் படம். உரிம எண் இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டு யாருடைய உரிமம் என்று அந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும்கூட பெட்டியில் எங்கும் இல்லை.

மறுநாளே திருப்பிக் கொண்டுபோனேன். "பிரித்த பொருளை வாங்க மாட்டோம்" என்றார் அதே தம்பி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீதில் காலவரம்பு குறிப்பிடாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீது தராததும் அப்படித்தான். இதைச் சொன்னேன். அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். என் மகன் முன்னால் அப்படிச் செய்ததை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. என்னிடம் உள்ள பெரிய குறை ஆதாரம்தான். 450 ரூபாய்க்கு யுபிஐ பதிவு இருக்கிறது. 1,800 ரூபாய்க்கு அந்தத் துண்டுச்சீட்டு மட்டுமே. தயவுசெய்து முழுத் தொகையையும் பதிவு இருக்கும் வழியில் செலுத்துங்கள். கடையின் பெயர் அச்சிட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பெட்டி அலமாரியின் மேல் இருக்கிறது. ஆதாரம் என்பதால் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன், பையனும் தொடவில்லை. சிவப்புப் பெட்டி, மஞ்சள் எழுத்து, ஒரு லாரியும் நான்கு கார்களும் கொண்ட தொகுப்பை அண்மையில் புதுச்சேரியில் வாங்கியவர்கள் இருந்தால், முதலில் ரோபோவின் இரண்டு முஷ்டிகளிலும் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.