இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கு எந்தக் கைப்பிடி?

சென்ற மாரியில் முன் அறை யன்னலைச் சாத்தப் போனேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் சீனிக்கட்டியை உடைத்ததுபோல் சாம்பல் நிறத்தில், மணல்மணலாக இருந்தது. பத்து வருடங்களாக நாங்கள் தொட்டுத் துடைத்தது மேலிருந்த வெள்ளைப் பூச்சை மட்டுமே என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றிரவே தொலைபேசியில் தேடி, ஒன்று ஆறு பவுண் வீதம் எட்டுக் கைப்பிடிகளுக்குப் பணம் கட்டினேன். நான் பார்த்ததெல்லாம் நிறம், விலை, படம். பொதி வந்தது. எட்டில் ஒன்றுகூட அப்படியே பொருந்தவில்லை.

எங்கள் வீடு வடமேற்கு லண்டனில், ஹரோவில், 1930களில் கட்டப்பட்டது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் கையில் காசு புழங்கியபோதெல்லாம் இரண்டு மூன்று யன்னல்களாக மாற்றியிருக்கிறார்கள். அதனால் முன்பக்கம் ஒரு வகை, குசினியில் ஒரு வகை, சின்ன அறையில் இன்னொன்று, கூரை அறையில் வேறொன்று என்று ஒரே கூரையின் கீழ் நாலு வகைக் கைப்பிடிகள். கடை அட்டவணையில் இவை நாலும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிக்கு நிற்பதுபோல் தெரியும். உண்மையில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஏறாது. எது வேண்டும் என்பதை யன்னல் செய்தவர் எப்போதோ தீர்மானித்துவிட்டார்.

முன் அறையில் இருப்பது எஸ்பாக். முழுப்பெயர் எஸ்பானியொலெட், ஸ்பானியம் என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். இங்கே கடந்த முப்பது வருடங்களில் போட்ட யூ.பி.வி.சி. (கடினப் பிளாஸ்டிக்) யன்னல்களில் பெரும்பாலும் இதுதான். கைப்பிடியின் முதுகிலிருந்து சதுரமான இரும்புத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது யன்னல் கதவுக்குள் ஒளிந்திருக்கும் பற்சில்லுப் பெட்டிக்குள் நுழைந்து, கதவின் விளிம்பு நீளத்துக்கு ஓடும் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும். பட்டையில் காளான் குடை போன்ற சிறு குமிழ்கள் இருக்கும். அவை சட்டத்தில் உள்ள கொளுவிகளில் மாட்டும்போது யன்னல் இரண்டு மூன்று இடங்களில் இறுகிப் பூட்டிக்கொள்ளும்.

தண்டின் தடிப்பு 7 மில்லிமீற்றர், இரண்டு திருகாணிகளுக்கும் இடையே 43 மில்லிமீற்றர். இவை அனேகமாக எங்கும் ஒன்றுதான், கவலை வேண்டாம். ஆளைக் கவிழ்ப்பது தண்டின் நீளம். 15, 20, 30, 40, 55 என்று பல நீளங்களில் விற்கிறார்கள். எனக்கு வேண்டியது 30. வந்தது 40.

நீளத்தை அளக்க முதலில் பழையதைக் கழற்ற வேண்டும். அங்கேயே பலர் தடுமாறுகிறார்கள், ஏனெனில் யன்னல் சாத்தியிருக்கும்போது ஒரு திருகாணி பிடிக்கு அடியில் மறைந்திருக்கும். பிடியைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். சின்னப் பிளாஸ்டிக் மூடி ஒன்று தலை காட்டும். கத்தி நுனியால் நெம்பினால் அது கழன்று சோபாவுக்கு அடியில் போய் விழும் (எங்கள் வீட்டில் நாலு மூடிகளுக்கு நாலும் அப்படித்தான் போயின). பிறகு இரண்டு திருகாணிகளையும் கழற்றிக் கைப்பிடியை நேராக வெளியே இழுங்கள். அடித்தட்டின் தட்டையான முகத்திலிருந்து தண்டின் நுனி வரைதான் அளவு. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வேணியர் இடுக்கிமானி நினைவிருக்கலாம். அது தேவையில்லை, பிள்ளையின் அடிமட்டம் போதும்.

தண்டு நீளமாக இருந்தால் அடித்தட்டு சட்டத்தில் படியாமல் எம்பி நிற்கும். அதைப் பொருட்படுத்தாமல் திருகாணியை முடுக்கினால் தண்டின் நுனி உள்ளே போய் இடிக்கும். குட்டையாக இருந்தால் ஆபத்து வேறு விதம். மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் தண்டு பெட்டியின் வாயை மட்டும் கவ்வியபடி சுழல்வதால் கொஞ்ச நாளில் அந்தச் சதுரத் துளை வட்டமாகிவிடும். ஆகவே எஸ்பாக்கில் சந்தேகம் இருந்தால் நீளமானதை வாங்குங்கள். மைத்துனர் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க, நான் இரும்பறுக்கும் வாளால் பத்து மில்லிமீற்றர் அறுத்தேன். வெட்டு முனையில் அரம் போடாமல் விட்டால் பிசிறு உள்ளே போய்ச் சிக்கும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

குசினி யன்னல் பழையது. அதில் இருப்பது கொக்ஸ்பர். சேவலின் காலில் பின்பக்கம் இருக்கும் முள்ளுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கைப்பிடியைப் பக்கவாட்டில் பார்த்தால் பொருத்தம் புரியும். பக்கமாக நீண்ட மூக்கு ஒன்று, சட்டத்தில் அறைந்திருக்கும் பிளாஸ்டிக் ஆப்பின் மேல் ஏறி யன்னலை உள்ளே இழுத்துப் பிடிக்கும். தண்டு கிடையாது, கதவுக்குள் பெட்டியும் கிடையாது.

இதில் பார்க்க வேண்டியது உயரம். அடித்தட்டின் கீழ்முகத்திலிருந்து மூக்கின் அடிப்பாகம் வரை அளக்க வேண்டும். 9 முதல் 21 மில்லிமீற்றர் வரை வருகின்றன. 17 வேண்டிய இடத்தில் 21 போட்டால் மூக்கு ஆப்பைத் தொடாது. யன்னல் காற்றுக்கு ஆடும், இரவில் விசில் அடிக்கும். 21 வேண்டிய இடத்தில் 17 போட்டால் மூக்கு ஆப்பின் மேல் ஏறவே ஏறாது. ஆனால் குட்டைக் கைப்பிடியின் அடியில் பிளாஸ்டிக் தகடு வைத்து உயர்த்தலாம். உயரமானதைக் குறைக்க வழியில்லை. எஸ்பாக்கில் பெரிதாக வாங்கி வெட்டு, கொக்ஸ்பரில் சிறிதாக வாங்கி உயர்த்து. இரண்டையும் மாற்றிப் போட்டுக் காசைத் தொலைத்தவன் சொல்கிறேன். இன்னொன்று: யன்னல் ஆடுவதற்குக் கைப்பிடிதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் தேய்ந்திருப்பது அந்த ஆப்பு. அதை மட்டும் மாற்றினால் போதும், சில்லறைக் காசு.

பாதுகாப்பில் கொக்ஸ்பர் எஸ்பாக்குக்குக் கிட்டவும் வராது. ஒரே இடத்தில்தான் பிடிக்கிறது. வெளியிலிருந்து நெம்புகிறவனுக்கு அந்த ஒரு மூக்குதான் தடை. அப்படியானால் எஸ்பாக்காக மாற்றலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கதவுக்குள் பெட்டியே இல்லாதபோது தண்டு எதைத் திருப்பும்? முழு யன்னலையும் மாற்றினால்தான் உண்டு. அப்போது 2002 முதல் உள்ள விதிப்படி ஃபென்சா போன்ற திட்டத்தில் பதிந்த நிறுவனத்தின் சான்றிதழோ, நகரசபையின் கட்டட அனுமதியோ தேவைப்படும். கைப்பிடி மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கூரை அறையில் உள்ளது உள்பக்கம் சாயவும் கதவுபோல் திறக்கவும் கூடிய யன்னல்; ஜேர்மனியில் வீட்டுக்கு வீடு காணலாம். பெரும்பாலானவற்றில் பிடி கீழே பார்த்தால் பூட்டு, பக்கவாட்டில் நின்றால் கதவுபோல் திறக்கும், மேலே பார்த்தால் தலைப்பக்கம் சாயும். இதிலும் அதே 7 மில்லிமீற்றர் தண்டு, அதே 43 மில்லிமீற்றர் துளைகள் என்பதால் சாதாரண எஸ்பாக் கைப்பிடியை மாட்டிவிட முடியும். துளை பொருந்தும், வேலை பொருந்தாது. எஸ்பாக் கால்வட்டம் போய் நின்றுவிடும். இதற்கு அரைவட்டம் வேண்டும். இந்த வகைக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

அடுத்தது நேர்ப்பிடியா, வளைந்த பிடியா. நேரானது இடம் வலம் இரண்டுக்கும் ஏறும். உதிரியாக ஒன்று வாங்கி வைத்தால் எந்த யன்னலுக்கும் உதவும். வளைந்தது விரல் முட்டி சட்டத்தில் உரசாமல் பிடிக்க வசதி, ஆனால் இடதா வலதா என்று சொல்லி வாங்க வேண்டும். ஒரு கடை கீல் இருக்கும் பக்கத்தை வைத்து இடது என்கிறது, இன்னொன்று பிடி சாயும் பக்கத்தை வைத்து. சொல்லை நம்பாதீர்கள், படத்தை உங்கள் யன்னலோடு ஒப்பிடுங்கள். கொக்ஸ்பருக்கும் இடம் வலம் உண்டு. குசினியில் இன்னொரு சங்கதி: தண்ணீர்க் குழாயின் கழுத்து. எங்கள் குழாய் உயரமானது, புதுக் கைப்பிடி பழையதைவிட ஒரு விரற்கடை நீளம். யன்னலைத் திறக்கும்போதெல்லாம் குழாயை ஒதுக்க வேண்டியிருக்கிறது. மாமி ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

நிஜமான தெரிவு பூட்டில்தான் இருக்கிறது. திறப்பு (சாவி) உள்ளதா, இல்லாததா? விலை வித்தியாசம் ஒன்றிரண்டு பவுண். வெளியிலிருந்து எட்டக்கூடிய யன்னல்களுக்குத் திறப்போடு கூடிய பூட்டு உண்டா என்று பல வீட்டுக் காப்புறுதி விண்ணப்பங்களில் கேட்கிறார்கள். அங்கே "உண்டு" என்று குறித்துவிட்டுப் பூட்டில்லாத கைப்பிடியை மாட்டினால், களவு போன பிறகு வாதாட முடியாது. ஆகவே கீழ்த்தளத்துக்குத் திறப்புள்ளதைத்தான் வாங்கினேன், இரண்டாம் யோசனை இல்லை.

மேல்மாடிப் படுக்கையறை வேறு கதை. தீ பிடித்துப் படிக்கட்டுப் புகைந்தால் பிள்ளைகளுக்கு யன்னல்தான் வழி. தப்பும் யன்னலுக்கு இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி சொல்லும் அளவு இது: திறக்கும் பரப்பு குறைந்தது 0.33 சதுர மீற்றர், அகலமும் உயரமும் 450 மில்லிமீற்றருக்குக் குறையாமல், திறக்கும் பகுதியின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1,100 மில்லிமீற்றருக்கு மேற்படாமல். திறப்புப் பூட்டை அந்த வழிகாட்டி தடுக்கவில்லை. ஆனால் விதி தடுக்காததையெல்லாம் இரவு இரண்டு மணிக்குப் புகைக்குள் நின்று நம்ப முடியாது. படுக்கையறைகளுக்குப் பூட்டில்லாத, பொத்தானை அழுத்தித் திருப்பும் வகையைப் போட்டேன். சிறு பிள்ளை ஏறி விழுந்துவிடும் என்ற பயத்துக்கு, யன்னலை 100 மில்லிமீற்றருக்கு மேல் திறக்கவிடாத, பெரியவர் கையால் விடுவிக்கக்கூடிய தடுப்புத் தனியே கிடைக்கிறது. கைப்பிடிப் பூட்டை அந்த வேலைக்கு இழுக்க வேண்டியதில்லை. மனைவிக்கு இதில் இன்னும் முழு உடன்பாடில்லை. திறப்புள்ளதை மாட்டிப் பூட்டாமல் விட்டால் இரண்டும் கிடைக்குமே என்கிறார். நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் பூட்டிவிட்டுத் திறப்பை எங்கோ வைத்துவிடுவார், அந்த யாராவது அனேகமாக நான்தான்.

உலோகத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மலிவானவை எல்லாம் நாகக் கலப்புலோக வார்ப்பு. இங்கே மசாக் என்பார்கள். நாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்ந்தது. ஹரோ போன்ற இடத்துக்கு அது தாராளம். பிரைட்டன், சவுத்எண்ட் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். அங்கே இருப்பவர்கள் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கைத் தேடுங்கள், விலை மும்மடங்கானாலும். சாதாரண 304-இல் இல்லாத மொலிப்டினம் அதில் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதுதான். நிறம் உங்கள் விருப்பம், ஆனால் ஒரே அறையில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். வெயில் பட்ட பழைய வெள்ளைக்குப் பக்கத்தில் புது வெள்ளை, ஒற்றைப் பொய்ப்பல் போல் நிற்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. யன்னலை அகலத் திறந்து வைத்தபடி பிடியைத் திருப்புங்கள். திறந்திருக்கும்போதே இறுக்கமாகத் திரும்பினால் கோளாறு பற்சில்லுப் பெட்டியில். முதலில் சிலிக்கோன் தெளிப்பு அடித்துப் பாருங்கள். கேட்காவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டும், அதற்கு விளிம்பிலிருந்து தண்டுத் துளை வரையுள்ள தூரம் 20-ஆ 22-ஆ என்று அளக்க வேண்டும். திறந்திருக்கும்போது இலகுவாகத் திரும்பி, சாத்தியதும் மட்டும் இறுகினால் கதவு கீலில் தொய்ந்திருக்கிறது. இந்த இரண்டில் எதுவானாலும் புதுக் கைப்பிடியும் சில மாதங்களில் உங்கள் கையோடு வந்துவிடும். வாடகை வீடாயின் கையை வைக்குமுன் வீட்டுக்காரருக்கு எழுதிக் கேளுங்கள், யன்னல் பழுது பெரும்பாலும் அவர் பொறுப்பு.

நாலாவது வகையைச் சொல்லவில்லை. சின்ன அறையில் இருப்பது தண்டுக்குப் பதில் முதுகில் தட்டையான அலகு உள்ள மிகப் பழைய கைப்பிடி. அந்த அலகின் நீளம், அகலம், துளைகளின் இடைவெளி எல்லாம் செய்தவருக்குச் செய்தவர் மாறும். அதனால் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு படத்தோடு படம் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு முறை வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டேன். மூன்றாவது வரும் வரை அந்த யன்னல் விளிம்பில் ஒரு குறடு இருக்கிறது; அதைக் கொண்டுதான் திறந்து சாத்துகிறோம்.